மிதிக்கும் காலின் கணக்கு

நுழையும்முன்

கடைக்குச் சென்று ஒரு பொருளை வாங்குவது எளிய செயலாகத் தோன்றும். தன் உடலையும் தான் செல்லும் வழியையும் தன் கையிருப்பையும் அறிந்து தேர்ந்தெடுப்பதோ ஒரு கல்வி. நாற்பது வயதைக் கடந்தபின் மிதிவண்டி வாங்கப் புறப்பட்ட ஒருவரின் பட்டறிவு இக்கட்டுரையாகியிருக்கிறது.

மோட்டார் வாகனம் வாங்குவோர் அதன் எஞ்சினையும் சேர்த்தே வாங்குகின்றனர். மிதிவண்டி வாங்குவோருக்கு எஞ்சின் கடையில் கிடைப்பதில்லை. அது அவர்களுடனேயே கடைக்குள் நடந்து வருகிறது. பயிற்சி பெறாத நடுத்தர வயதினர் ஒருவர் மூச்சு வாங்காமல் நெடுநேரம் மிதித்தால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 75 வாட். வீட்டுக் கூரையில் சுழலும் பழைய மின்விசிறி ஒன்று எடுத்துக்கொள்ளும் மின்னாற்றலும் ஏறக்குறைய அவ்வளவே. அந்தச் சிறிய ஆற்றலைக் கொண்டுதான் நம் உடலையும் வண்டியையும் தோளில் தொங்கும் பையையும் நகர்த்திச் செல்ல வேண்டும். ஆகவே, எனக்கு ஏற்ற மிதிவண்டி எது என்னும் வினா, அந்த 75 வாட்டை வீணாக்காத வண்டி எது என்னும் வினாவே ஆகும். இவ்வினாவைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் அலைந்தேன். அந்த அலைச்சலில் வண்டியைப் பற்றி அறிந்ததைவிட என்னைப் பற்றி அறிந்தது மிகுதி.

காலைப் பற்றிய அச்சம்

எனக்கு நாற்பத்தைந்து வயது. அம்பத்தூரில் வீடு; அண்ணா நகரில் கணக்காளர் பணி. நாள்தோறும் எட்டு மணிநேரம் நாற்காலியில் அமர்ந்து பிறருடைய வரவு செலவைப் பார்ப்பவள் நான். ஒருநாள் என் சொந்தக் கணக்கு என் கைக்கு வந்தது. இரத்தப் பரிசோதனை அறிக்கையில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 6.1 என்றிருந்தது. 5.7க்குக் கீழே இருந்தால் இயல்பு, 6.5ஐ எட்டினால் நீரிழிவு. நான் இரண்டுக்கும் இடைப்பட்ட வழியில் நின்றுகொண்டிருந்தேன். மருத்துவர் மாத்திரை எழுதவில்லை. "வாரத்துக்கு நூற்றைம்பது நிமிஷமாவது உடம்பு அசையணும்மா. மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று சொல்லி அனுப்பினார்.

அந்த 6.1 என்னும் எண் எனக்கு வெறும் எண்ணன்று. என் தந்தைக்கு நீரிழிவு இருந்தது. பாதத்தின் நரம்புகள் உணர்விழந்திருந்தமையால், செருப்பின் ஆணி குத்தியதை அவர் அறியவில்லை. அறிந்தபோது புண் ஆறும் நிலையைக் கடந்திருந்தது. வலக்காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதன்பின் அவர் திண்ணையில் அமர்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். நடந்து செல்வோரின் முகத்தை அவர் பார்ப்பதில்லை, கால்களையே பார்ப்பார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்லலாம்; பூங்காவில் நடக்கலாம். இரண்டும் நல்லவையே. ஆனால், சமையல், பணி, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்கிடையே தனியே ஒரு மணிநேரத்தை நான் எங்கிருந்து எடுப்பது? வீட்டிலிருந்து அலுவலகம் ஒன்பது கிலோமீட்டர். சிக்னல்களில் நிற்கும் நேரத்தையும் சேர்த்து, மிதிவண்டியில் சென்றால் நாற்பது நிமிடம் ஆகும். போகவர எண்பது நிமிடம். வாரத்தில் இரண்டு நாள் என்றால் 160 நிமிடம். எப்படியும் செலவாகப்போகும் பயண நேரமே மருந்தாகிவிடும். கணக்கு நேரானது. இனி வண்டி வேண்டும். அதற்கென நான் ஒதுக்க முடிந்த தொகை 20,000 ரூபாய். அதற்குமேல் ஒரு ரூபாயும் மகளின் கல்லூரிக் கட்டணத்திலிருந்துதான் எடுத்தாக வேண்டும்.

அம்மா கற்பித்த தேர்வு

மிதிவண்டியைத் தேர்ந்தெடுக்கும் முறையை எனக்கு முதலில் கற்பித்தவர் என் அம்மா. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பரவியது. எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலையும் அவ்வியக்கம் பெண்களிடம் கொண்டுசென்றது. ஆயிரக்கணக்கான சிற்றூர்ப் பெண்கள் ஏளனப் பேச்சுகளைப் பொருட்படுத்தாமல் ஓட்டப் பழகினர். நடவு வேலைக்குச் சென்றுவந்த என் அம்மாவும் அவர்களுள் ஒருவர். மாலையில் கையெழுத்து, நிலவொளியில் மிதிவண்டி.

பழகி முடித்ததும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பழைய வண்டியொன்றை வாங்கினார். அது குறுக்குக் கம்பியுடைய ஆண்கள் வண்டி. பெண்களுக்கான வண்டியை வாங்கக் கூடாதா என்று உறவினர் கேட்டனர். "முன்னால கம்பியில புள்ள உக்காரும், பின்னால கேரியர்ல தண்ணிக்கொடம் உக்காரும். அழகு பாத்து வாங்குனா எது உக்காரும்?" என்று அம்மா கேட்டார். அந்தக் கம்பியில் என் தம்பி அமர்ந்து ஊர் சுற்றினான். அதே வண்டியில்தான், இருக்கை எட்டாத வயதில், சட்டகத்தின் முக்கோணத்துக்குள் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்து நானும் ஓட்டப் பழகினேன்.

பிறர் எதை வாங்குகின்றனர் என்பதை அம்மா நோக்கவில்லை. தனக்கு என்ன வேலை இருக்கிறது, அதற்கு எந்த உறுப்பு வேண்டும் என்பதையே நோக்கினார். முப்பது ஆண்டுகள் கழித்து, சென்னைப் பூங்கா நகரில் ராட்டன் பஜாரின் மிதிவண்டிக் கடைகளுக்கு முன்னே நின்றபோது, அந்தக் குடமும் அந்தக் கம்பியும் என் நினைவில் இருந்தன.

கடைத்தெருவில்

விற்பனையாளர் இளைஞர், கனிவானவர். "மேடத்துக்கா? லேடீஸ் மாடல் இந்தப் பக்கம்" என்று முன்கூடை பொருத்திய வண்டிகளைக் காட்டினார். அவை சந்தைக்குச் சென்றுவர ஏற்றவை. ஒன்பது கிலோமீட்டருக்கு அல்ல. அடுத்து, தடித்த டயர்களும் முன்னும் பின்னும் சுருள்வில்களும் கொண்ட வண்டியைக் காட்டினார். மலைப்பாதைக்கென உருவான வடிவம் அது. பார்ப்பதற்குக் கம்பீரமாக இருந்தது. ஏறி மிதித்தேன். ஒவ்வொரு மிதிக்கும் வண்டி மேலும் கீழும் அசைந்தது. சங்கிலிக்குச் செல்ல வேண்டிய விசையில் ஒரு பகுதியைச் சுருள்வில் விழுங்கிக்கொண்டது. என்னிடம் இருப்பதே 75 வாட். அதில் வில்லுக்கும் பங்கு கொடுக்க எனக்கு வசதியில்லை.

மூன்றாவதாக நான் கேட்டது சாலை மிதிவண்டி. கடைக்காரர்கள் 'ரோடு பைக்' என்பர். மெல்லிய டயர், எடை குறைந்த சட்டகம், ஆட்டுக்கடாவின் கொம்புபோலக் கீழ்நோக்கி வளைந்த கைப்பிடி. இளைஞர் சற்று வியந்தார். பின்னர் ஐந்து வண்டிகளைக் காட்டினார். 15,000 ரூபாயில் தொடங்கி இலட்சத்தைத் தாண்டிச் சென்றது விலை. அன்று நான் எதையும் வாங்கவில்லை. ஒவ்வொன்றின் விவரத்தையும் குறித்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

ஆற்றல் எங்கே செல்கிறது?

கணக்காளர் என்னும் முறையில் எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: செலவினங்களைத் தனித்தனியே எழுதுவது. என் 75 வாட் எவ்வழிகளில் செலவாகும் என்று எழுதிப் பார்த்தேன்.

முதற்செலவு காற்றுக்கு. வேகம் இரு மடங்கானால், காற்றைப் பிளந்து செல்லத் தேவைப்படும் ஆற்றல் எட்டு மடங்காகும். போட்டியில் பங்குபெறுவோர் முதுகை வளைத்து, தலையைத் தாழ்த்தி ஓட்டுவது இதனால்தான். நெரிசல்மிக்க சாலையில் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் எனக்கு இச்செலவு சிறியது. ஆனால், ஞாயிற்றுக்கிழமை விடியலில் புழல் ஏரிப் பக்கம் எதிர்காற்றில் முப்பது கிலோமீட்டர் ஓட்ட விரும்பினேன். அப்போது வளைந்த கைப்பிடி உதவும். அதைப் பல நிலைகளில் பற்றலாம் என்பதால் கையும் தோளும் மரத்துப்போவதில்லை.

இரண்டாம் செலவு டயருக்கு. காற்றுக் குறைந்த டயர் சாலையில் நசுங்கி உருளும். ஒவ்வொரு நசுங்கலும் ஆற்றல் இழப்பே. 1888ஆம் ஆண்டு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தபின்னரே மிதிவண்டி எல்லார்க்கும் இனிய ஊர்தியாயிற்று. மெல்லிய டயர் எளிதில் உருளும் என்பது உண்மை. எனினும், 25 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர் அம்பத்தூர்ச் சாலைப் பள்ளங்களில் விழுந்தால் உள்ளே இருக்கும் ட்யூப் விளிம்பில் நசுங்கிக் கிழியும். 32 மில்லிமீட்டர் டயர் என் வழிக்குப் போதும் என்று எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் செலவு எடைக்கு. விலையுயர்ந்த வண்டிகளின் பெருமையெல்லாம் இதில்தான் இருக்கிறது. என் எடை 62 கிலோ, நான் பார்த்த எளிய அலுமினிய வண்டியின் எடை 12 கிலோ, மொத்தம் 74. இரண்டு கிலோ குறைந்த வண்டிக்கு மேலும் பல ஆயிரம் கேட்டனர். அந்த இரண்டு கிலோ மொத்தத்தில் மூன்று விழுக்காடுகூட இல்லை. சென்னையோ சமவெளி. அந்த எடையை என் உடலிலிருந்து குறைத்துக்கொள்வது மலிவானது மட்டுமன்று. நான் மிதிவண்டி வாங்குவதன் நோக்கமும் அதுவே.

நான்காவது, கால் சுழலும் முறை. தொடக்க கால வண்டிகளில் மிதி முன்சக்கரத்தின் அச்சிலேயே இருந்தது. மிதி ஒருமுறை சுழன்றால் சக்கரமும் ஒருமுறைதான் சுழலும். விரைந்து செல்ல வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்குவது தவிர வேறு வழியில்லை. ஆளுயரச் சக்கரத்தின் உச்சியில் அமர்ந்து ஓட்டிப் பலர் விழுந்து அடிபட்டனர். 1885இல் இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய வண்டி, சங்கிலியால் பின்சக்கரத்தை இயக்கி இச்சிக்கலைத் தீர்த்தது. இன்று நாம் காணும் மிதிவண்டியின் வடிவம் பெரும்பாலும் அதுவே.

கியர் என்பது அந்தச் சங்கிலித் தத்துவத்தின் விரிவு. நான் குறித்துக்கொண்ட வண்டியின் முன்பற்சக்கரத்தில் 44 பற்கள். பின்னே 14 பற்கள் முதல் 28 பற்கள் வரை ஏழு சக்கரங்கள். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். 28 பல் சக்கரத்தில் சங்கிலி இருந்தால், ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி 3.3 மீட்டர் நகரும். 14 பல் சக்கரத்தில் 6.6 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால், முன்னதில் மணிக்கு 12 கிலோமீட்டர். பின்னதில் 24 கிலோமீட்டர். பாடி மேம்பாலத்தில் ஏறவும் புழல் சாலையில் விரையவும் இவ்வெல்லை எனக்குப் போதும். இருபதுக்கும் மேற்பட்ட கியர்கள் கொண்ட வண்டிக்குக் கூடுதல் பணம் கொடுக்கக் காரணம் எதுவும் இல்லை.

அளவு என்னும் அறிவு

அம்பத்தூரில் எங்கள் தெருமுனையில் மரத்தடியில் மிதிவண்டி பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். 1949இல் தொடங்கப்பட்ட பெரிய மிதிவண்டி நிறுவனம் ஒன்றின் தொழிற்சாலை இயங்கிய ஊர் அம்பத்தூர். மிதிவண்டியை உறுப்பு உறுப்பாக அறிந்த கைகளுக்கு இங்குக் குறைவில்லை. என் குறிப்பேட்டை அவரிடம் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டபின், "எல்லாம் சரிம்மா. உங்க கால அளந்தீங்களா?" என்றார்.

அதன்பின் அவர் சொன்னதே என் குறிப்பேட்டின் இறுதிப் பக்கம். செருப்பின்றிச் சுவரோடு ஒட்டி நின்று, தொடை பிரியும் இடத்திலிருந்து தரைவரை அளக்க வேண்டும். எனக்கு 74 சென்டிமீட்டர். அதை 0.67ஆல் பெருக்கினால் சாலை வண்டிக்குரிய சட்டகத்தின் அளவு ஏறக்குறையக் கிடைக்கும்: 50 சென்டிமீட்டர். 0.883ஆல் பெருக்கினால், மிதி சுழலும் அச்சின் நடுவிலிருந்து இருக்கையின் மேற்பரப்புவரை இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும்: 65 சென்டிமீட்டர். இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்கால் மிகையாக மடங்கி வலிக்கும். தொடையின் முழு வலுவும் மிதிக்குச் செல்லாது. மிகவும் உயர்ந்திருந்தால் இடுப்பு இருபுறமும் ஆடும். அளவு பொருந்தாத இலட்ச ரூபாய் வண்டியைவிட அளவு பொருந்திய எளிய வண்டி மேலானது என்பதை, பெருக்கல் கணக்கு ஒன்றால் அம்முதியவர் எனக்கு விளக்கிவிட்டார்.

இரண்டு திருகுத் துளைகள்

இறுதியில் இரண்டு வண்டிகள் எஞ்சின. இரண்டும் ஒரே விலை. இரண்டிலும் என் அளவுச் சட்டகம் இருந்தது. ஒன்று பளபளப்பானது, எடையும் சற்றுக் குறைவு. மற்றொன்று மங்கிய நீல நிறம். ஆனால், அதன் பின்சக்கரத்துக்கு அருகே, சட்டகத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறிய திருகுத் துளைகள் இருந்தன. மட்கார்டும் கேரியரும் பொருத்துவதற்கான துளைகள் அவை. கைப்பிடியின் மேற்பகுதியிலும் கூடுதலாக ஒரு சோடி பிரேக் பிடிகள் இருந்தன. நெரிசலில் நிமிர்ந்து அமர்ந்தபடியே பிரேக் பிடிக்கலாம்.

மழை பெய்து ஓய்ந்த சாலையில் மட்கார்டு இல்லாமல் சென்றால் முதுகெல்லாம் சேறு. அந்த ஆடையோடு அலுவலகத்தில் அமர முடியாது. கேரியர் இல்லாவிட்டால், மாற்றுடையும் உணவும் வைத்த பை முதுகில் ஏறி வியர்வையைப் பெருக்கும். இரண்டு நாள் பொறுத்து மூன்றாம் நாள் வண்டியை வீட்டில் விட்டுவிடத் தோன்றும். ஓட்டப்படாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வீண்செலவே. அம்மாவின் குறுக்குக் கம்பிக்கு நிகரானவை எனக்கு அந்தத் துளைகள். நீல வண்டியையே வாங்கினேன்.

வாங்கும்முன் முதியவர் சொல்லியனுப்பியவாறு சோதித்தேன். வண்டியைத் தூக்கிப் பிடித்துச் சக்கரத்தைச் சுழற்றினேன். விளிம்பு பிரேக் கட்டைகளுக்கிடையே இடமும் வலமும் ஆடாமல் ஓடியது. போக்ஸ் கம்பிகளை விரலால் மீட்டினேன். தளர்ந்த ஒலி எதிலும் எழவில்லை. இரண்டு பிரேக்குகளையும் பிடித்தபடி வண்டியை முன்னே தள்ளினேன், அசையவில்லை. வண்டிக்கு 15,800 ரூபாய். தலைக்கவசம், முன்விளக்கு, சிவப்புப் பின்விளக்கு, பூட்டு, காற்றடிக்கும் பம்பு, மட்கார்டு, கேரியர் ஆகியவற்றுக்கு 3,900. மொத்தம் 19,700 ரூபாய். தலைக்கவசத்துக்கும் விளக்குக்கும் உரிய தொகையை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, எஞ்சியதில்தான் வண்டியைத் தேடினேன். உயிருக்குரிய செலவு, மிச்சமிருந்தால் செய்யும் செலவாக இருத்தல் ஆகாது.

சாலையில் ஓராண்டு

முதல் வாரம் தொடை வலித்தது. இரண்டாம் மாதம் பாடி மேம்பாலத்தில் இறங்கித் தள்ளாமல் ஏறினேன். சாலையின் இடப்புறம் ஒதுங்கிச் செல்லவும், திரும்பும்முன் கையால் சைகை காட்டவும், பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பேருந்தின் இடையே நுழையாமல் காத்திருக்கவும் பழகினேன். வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் தேங்கிய நாள்களில் வண்டியை எடுப்பதில்லை. நீருக்கடியில் என்ன பள்ளம் இருக்கிறதென்று எவருக்கும் தெரியாது. அந்நாள்களில் பேருந்துதான். நாள்தோறும் ஓட்டியே தீர வேண்டும் என்று நான் உறுதி பூணவில்லை. அதனால்தான் இன்றுவரை ஓட்டுகிறேன்.

ஓராண்டுக்குப் பின் சர்க்கரை அளவு 5.8 ஆயிற்று. இரவு உணவைக் குறைத்ததற்கும் இதில் பங்குண்டு என்றார் மருத்துவர். ஏற்றுக்கொண்டேன். இயல்பு எல்லைக்கு நான் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. ஆனால், எந்தத் திசையில் செல்கிறேன் என்பதை அறிவேன். இரவில் பாதங்களைக் கழுவும்போது விரல் இடுக்குகளை ஒருமுறை பார்த்துக்கொள்வேன். தந்தை எனக்கு விட்டுச்சென்ற பாடம் அது.

உங்கள் வண்டி

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு பயில்வோருக்கு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. இதைப் படிக்கும் உங்களில் பலருடைய வண்டி இப்போது பள்ளி வளாகத்தில் நின்றுகொண்டிருக்கும். சட்டகத்தையும் நிறத்தையும் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்திருக்காது. எனினும், தேர்வு அத்தோடு முடிந்துவிடவில்லை. டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும், சங்கிலிக்கு எப்போது எண்ணெய் இட வேண்டும், பிரேக் கட்டை தேய்ந்துவிட்டதா என்பனவெல்லாம் உங்கள் கையில்தான் இருக்கின்றன. உங்கள் வயதினருக்கு நாள்தோறும் சராசரியாக அறுபது நிமிட உடலுழைப்பு தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. பள்ளிக்குச் சென்றுவரும் வழியிலேயே அதில் பெரும்பகுதி அடங்கிவிடலாம்.

எல்லாவற்றிற்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பொதுவாக வண்டிகள் கைக்கு வரும்போது இருக்கை தாழ்ந்தே இருக்கும். பலர் அதை அப்படியே விட்டுவிடுகின்றனர். இன்று மாலை, நண்பர் ஒருவரை வண்டியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, இருக்கையில் அமருங்கள். ஒரு மிதியைக் கீழ்நிலைக்குக் கொண்டுவந்து, அதன்மேல் குதிகாலை வையுங்கள். முழங்கால் நேராக நீள வேண்டும். மடங்கியிருந்தால், இருக்கைக்குக் கீழுள்ள மரையைத் தளர்த்திச் சிறிது உயர்த்துங்கள். குதிகால் எட்டாவிட்டால் தாழ்த்துங்கள். பின்பு இறுக முடுக்கிவிட்டு, முன்பாதத்தால் மிதித்து ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். அதற்கு ஒரு ஸ்பேனரும் ஐந்து நிமிடமும் போதும்.